பிலடெல்பியா வெல்லும்

தேவராஜா அண்ணை சிட்னியின் மேற்குப் பக்கத்தில் பல வருடம் பஸ் ஓட்டியவர். கிரவீனில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். நல்ல கதைக்காரர். பஸ்ஸில் ஏறிய சனங்களைப் பற்றியும், இலங்கை அரசியலைப் பற்றியும், கிரிக்கெட்டைப் பற்றியும் கேற்றடியில் நின்றே ஒரு மணித்தியாலம் கதைப்பார். ஆனால் வரப்போவதைப் பற்றி மட்டும் வாய் திறக்கமாட்டார். எண்பதுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டவர், அதன் பிறகு நாளை என்ற ஒன்றை நம்பித் திட்டம் போட்டதில்லை. அடுத்த விடுமுறைக்கு மெல்பர்ன் போவோமா என்று மனைவி சிவனேஸ்வரி கேட்டால், "அதை அப்ப யோசிப்பம்" என்பார். அந்த "அப்ப" ஒருநாளும் வந்ததில்லை.

இரண்டாயிரத்து இருபத்து நாலாம் ஆண்டு ஜனவரியில், நல்ல வெயில் நாளொன்றில், காரிலிருந்து சாமான் இறக்கிக்கொண்டிருந்தார். வலக்கையில் இருந்த வெங்காயப் பை நழுவி விழுந்தது. அவர் குனிந்து எடுக்கவில்லை. அது விழுந்ததே தெரியாதவர்போல நின்றார். சிவனேஸ்வரி அக்கா ஓடிவந்து பார்த்தபோது முகம் ஒரு பக்கம் கோணியிருந்தது. அம்புலன்ஸ் வந்து ஏற்றிப்போனது.

மூளையின் இடப்பக்கத்தில் அடைப்பு. உயிருக்கு ஆபத்தில்லை. கால் மெல்ல மெல்ல வந்தது. பேச்சு வரவில்லை. நாங்கள் சொல்வதெல்லாம் விளங்கியது. பதில் சொல்ல வாயைத் திறப்பார், வெறும் காற்றுத்தான் வரும். ஆனால் அக்கா பக்கத்தில் இருந்து தேவாரம் பாடினால் கூடவே பாடினார், ஒரு சொல் பிசகாமல். பாட்டு முடிந்ததும் திரும்பவும் ஊமை. முதல்முறை அதைப் பார்த்தபோது எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஒரே வாய், ஒரே நாக்கு. பாட்டுக்குத் திறக்கிற கதவு பேச்சுக்குத் திறக்கவில்லை.

"பாட்டு மூளையில வேற இடத்துல இருக்கு, அண்ணா" என்று யுவனேஸ்வரி எனக்குச் சொன்னாள். அவள் மறுவாழ்வுப் பிரிவின் ஸ்பீச் தெரபிஸ்ட். மலேசியாவின் ஈப்போவில் பிறந்து, மெல்பர்னில் படித்து, சிட்னிக்கு வேலைக்கு வந்தவள். "அவரோட சொந்த வார்த்தை வரணும். ஒண்ணு வந்தா போதும், மத்தது பின்னாலயே வரும்."

பக்கத்துக் கட்டிலில் வோல்ட்டர் என்றொரு அமெரிக்கர். பிலடெல்பியாக்காரர். மகளோடு இருக்கலாமென்று சிட்னிக்கு வந்து, குளியலறையில் சறுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டவர். பெப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை காலை அவர் தொலைக்காட்சியை எங்கள் பக்கமும் தெரியும்படி திருப்பிவைத்தார். அமெரிக்காவில் ஞாயிறு மாலை நடக்கும் கால்பந்து இறுதியாட்டம் இங்கே திங்கள் காலையில்தான் ஓடும். பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடி, ஆளையாள் இடித்து விழுத்தும் விளையாட்டு. தேவராஜா அண்ணை வாழ்க்கையில் அதை ஒருநாளும் பார்த்ததில்லை.

நான் திங்கட்கிழமைகளில் வீட்டிலிருந்து வேலை செய்பவன். அதனால் அன்று அக்காவைக் காரில் கூட்டிப்போய், அங்கேயே மடிக்கணினியோடு இருந்துவிட்டேன். கான்சாஸ் சிட்டி சிவப்புச் சட்டையில், சான் பிரான்சிஸ்கோ வெள்ளைச் சட்டையில். காலையில் தொடங்கிய ஆட்டம் மதியச் சாப்பாட்டையும் தாண்டி, சமநிலையாகி, கூடுதல் நேரத்துக்குப் போனது. அதில் வெள்ளைச் சட்டைக்காரர் முந்தினார்கள்.

"இனி சான் பிரான்சிஸ்கோதான்" என்றார் வோல்ட்டர்.

தேவராஜா அண்ணை இடக்கையைத் தூக்கினார். கழுத்து நரம்பு புடைத்தது. கண் திரையிலேயே நின்றது.

"சி... சி... சிவப்பு."

அக்கா கையில் வைத்திருந்த தேத்தண்ணிக் கோப்பையைச் சட்டென்று கீழே வைத்தா. "என்னப்பா? என்ன சொன்னனீங்கள்?"

"சிவப்பு" என்றார் அவர், இம்முறை தெளிவாக.

"தம்பி, கேட்டனீங்களே? இவர் கதைச்சவர்!"

"ஓம் அக்கா, கேட்டனான்" என்றேன்.

சிவப்புத்தான் வென்றது. வோல்ட்டர் எங்கள் மூவரையும் மாறிமாறிப் பார்த்தார். அண்ணை என்ன சொன்னார் என்று கேட்டார். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். வோல்ட்டர் தொலைக்காட்சியின் சத்தத்தை நிறுத்திவிட்டு, கட்டிலில் நேராக இருந்து கை தட்டினார்.

யுவனேஸ்வரி சொன்னதுபோலவே மற்றச் சொற்களும் வரத் தொடங்கின. தண்ணி, கதிரை, கண்ணாடி. பிறகு மனைவியின் பெயர். ஒவ்வொன்றையும் அவர் கிணற்றிலிருந்து இழுப்பதுபோல இழுத்தெடுத்தார். நடந்ததைச் சொல்ல முடிந்தது: "வந்தது", "குடிச்சனான்", "விழுந்தது". ஆனால் ஓரிடத்தில் நின்றுபோனார். நாளைக்கு என்ன செய்வீர்கள் என்று யுவனேஸ்வரி கேட்டால் வாய் மூடிக்கொள்ளும். படம் காட்டிக் கேட்டாள், பாதி வசனத்தைத் தானே சொல்லி மீதியை விட்டுப் பார்த்தாள். ஒருநாள் அண்ணை முகத்தை மறுபக்கம் திருப்பி அழுதார்.

"சொல் மட்டும் இல்ல அண்ணா" என்றாள் அவள் என்னிடம் நடைபாதையில். "நாளைக்குன்னு ஒண்ணு இருக்கும்னு அவரு நினைச்சுப் பார்க்கணும்ல? கண்ணுக்கு முன்னால இல்லாதத மூளை கட்டி எழுப்பணும். அது பெரிய வேலை."

அப்பொழுதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. மறுநாள் அவர் முன்னால் உட்கார்ந்து கேட்டாள்: "சரி அங்கிள், உங்களப் பத்தி வேணாம். அடுத்த வருஷம் அந்த அமெரிக்கப் போட்டில யாரு ஜெயிக்கும்?"

அவர் வோல்ட்டரின் கட்டிலைப் பார்த்தார்.

"பி... பில... பிலடெல்பியா."

"பிலடெல்பியா என்ன செய்யும்?"

"பிலடெல்பியா... வெல்லும்."

வெல்லும். அந்த ஒரு வினைச்சொல்லுக்காக அவள் எத்தனை நாள் காத்திருந்தாளோ! யுவனேஸ்வரி எழுந்து ஜன்னலடிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். வோல்ட்டரோ தலையில் அடித்துக்கொண்டார். அந்தப் பருவத்தின் கடைசியில் அவருடைய அணி ஆட்டத்துக்கு ஆட்டம் தோற்றுச் சரிந்திருந்தது. "அவர்கள் முடிந்துபோனார்கள், தேவா. வேறு யாரையாவது சொல்லு." அண்ணை மாட்டேன் என்று தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்த பிறகு அதுவே அவருடைய பயிற்சியானது. செப்டெம்பரில் ஆட்டங்கள் தொடங்கியதும் கிழமைதோறும் எந்த அணி வெல்லும், எது தோற்கும் என்று முழு வசனத்தில் சொல்வார். பாதி பிழையாய்ப் போகும். பிழைத்தால் அக்கா சிரிப்பா, அவரும் சிரிப்பார். அக்கா வேலை செய்யும் பெண்டில் ஹில் பாலர் பராமரிப்பு நிலையத்தில் எல்லாருக்கும் அமெரிக்க நகரங்களின் பெயர் பாடமாகிவிட்டது. ஆனால் கடைசியில் யார் என்று கேட்டால் பதில் மாறவில்லை. பிலடெல்பியாவும் ஆட்டத்துக்கு ஆட்டம் வென்றுகொண்டே வந்தது.

ஏன் அண்ணை பிலடெல்பியா என்று ஒருநாள் கேட்டேன்.

"தெரியாது, அருந்தவன்" என்றார், ஒவ்வொரு சொல்லாக. "கேள்வி வந்தது. அதுக்குப் பின்னால... அந்தப் பேர் வந்தது. எங்கையிருந்து எண்டு... எனக்குத் தெரியாது."

அடுத்த பெப்ரவரியில் இறுதியாட்டம். பிலடெல்பியாவுக்கு எதிரே அதே கான்சாஸ் சிட்டி. தொடர்ந்து மூன்றாவது தடவையும் அதுதான் வெல்லும் என்று பல பேர் அடித்துச் சொன்னார்கள். அன்று காலை வோல்ட்டர் ஊன்றுகோலோடு மகளின் காரில் கிரவீனுக்கு வந்திறங்கினார். யுவனேஸ்வரியும் அன்று லீவு எடுத்திருந்தாள். ஹரிஸ் பார்க்கின் இந்தியக் கடைத்தெருவில் வாங்கிய லட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து, ஆட்டம் முடியும்வரை தொடக்கூடாது என்று சொல்லிவிட்டாள்.

பாதி ஆட்டத்தில் பிலடெல்பியா இருபத்து நாலு, கான்சாஸ் சிட்டி ஒன்றுமில்லை. வோல்ட்டர் பேச்சிழந்துபோனார். அந்த அறையில் அப்போது கதைத்துக்கொண்டிருந்தவர் தேவராஜா அண்ணை ஒருவர்தான். "பயப்படாதேங்கோ. இனியும் அடிப்பாங்கள்" என்றார் தமிழில், வோல்ட்டரின் தோளைத் தட்டி. வோல்ட்டருக்கு அது மொழிபெயர்ப்பு இல்லாமலே விளங்கியது.

நாற்பதுக்கு இருபத்திரண்டு. பிலடெல்பியா வென்றது.

யாரும் துள்ளிக் குதிக்கவில்லை. வோல்ட்டர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் அண்ணையைப் பார்த்தேன். அவர் திரையைப் பார்க்கவில்லை, தன் வலக்கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில், ஒரு வசனமும் சரியாகச் சொல்லமுடியாத மனிதர் திக்கித்திக்கிச் சொன்ன இரண்டு சொல். உலகத்தின் மறுபக்கத்தில், அவரைத் தெரியாத ஆட்கள் அதை நடத்தி முடித்திருந்தார்கள். தற்செயல்தான். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த அறையில் சத்தமாக மூச்சு விட எனக்குக் கூச்சமாக இருந்தது.

"அங்கிள்" என்றாள் யுவனேஸ்வரி மெல்ல, "அடுத்த வருஷம்?"

"டெட்ராய்ட் வெல்லும்."

"அதுக்கடுத்து?"

"பஃபலோ."

"அதுக்கு அடுத்த வருஷம்?"

அவர் நிமிர்ந்தார். குசினி வாசலில் நின்ற மனைவியைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். "அது ஆரெண்டு இன்னும் வரேல்லை. ஆனா... நாங்கள் ரெண்டு பேரும் இதே இடத்தில இருந்து பாப்பம்."

அக்கா வந்து அவருடைய கதிரைக் கைப்பிடியில் இருந்தா. முப்பது வருடத்துக்கு மேலான கலியாண வாழ்க்கையில் தன் கணவர், வரப்போகும் ஒரு நாளைப் பற்றித் தானாக வாய் திறந்து சொன்னது அதுதான் முதல்முறை என்று பிறகு எனக்குச் சொன்னா.

டெட்ராய்ட் வெல்லவில்லை. இறுதியாட்டத்துக்கே வரவில்லை. "பிழைச்சுப்போச்சு" என்று அண்ணை வாய்விட்டுச் சிரித்தார். அந்த வருடப் பள்ளி விடுமுறையில் இருவரும் மெல்பர்ன் போனார்கள். கிரான்பர்னில் இருக்கும் அக்காவின் தங்கை வீட்டில் தங்கினார்கள். டிக்கெட்டைப் பல மாதம் முன்பே எடுத்தவர் அண்ணைதான். போன இடத்தில் அவர் எல்லாருடனும் ஓயாமல் கதைத்ததாகவும், ஒரு கட்டத்தில் தங்கையின் கணவர் எழுந்துபோய்ப் படுத்துவிட்டதாகவும் அக்கா வந்து பெருமையோடு சொன்னா.