அக்கா சொன்ன 'சாலா'

எங்கள் அக்கா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. அவரோடு பழகிய உங்களுக்கு அவர் குணத்தைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவருடைய தெலுங்கைப் பற்றி யாராவது எழுதிவைத்தாக வேண்டும். தம்பி என்ற உரிமையில் நானே எழுதுகிறேன்.

அம்பாசமுத்திரத்தில் பிறந்த அக்கா, பத்தொன்பது வயதில் அத்தானைக் கைப்பிடித்து செகந்திராபாத்துக்கு ரயிலேறினார். அத்தான் பொதுத்துறை ஆலையில் ஃபிட்டர். இரண்டு அறை குவார்ட்டர்ஸில், வேலை தேடி வந்த நானும் ஒட்டிக்கொண்டேன். ஆறு வருடம் அக்கா கையால்தான் சாப்பாடு. ஒருநாளும் அவர் முகம் சுளித்ததில்லை.

சந்தைக் காயில் பூச்சிமருந்து வாடை அடிக்கிறது என்பது அக்காவின் தீராத குறை. குகட்பள்ளிப் பக்கம் அப்போது வயல்கள் நிறைய இருந்தன. அங்கே சாணமும் வேப்பம்புண்ணாக்கும் மட்டும் போட்டுக் கத்தரி பயிரிடும் மல்லய்யாவைப் பற்றிக் கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு தோட்டத்துக்கே போனார். மல்லய்யா காயை அள்ளிப் போட்டார். தெலுங்கில் போதும் என்பதற்கு 'சாலு' என்று சொல்ல வேண்டும். அக்கா கையை ஆட்டி, "சாலா, சாலா" என்றார். அதற்கு 'நிறைய' என்று பொருள். மல்லய்யா மகிழ்ந்துபோய் இன்னும் போட்டார். அக்கா இன்னும் பலமாகச் சொன்னார். எனக்கும் அப்போது தெலுங்கு தெரியாது. இரண்டு கோணிப்பையோடு வந்து இறங்கிய எங்களைப் பார்த்து, "யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டார் அத்தான்.

அந்தக் காயை அக்கா எங்கள் வீட்டோடு சேர்த்து எட்டு வீடுகளுக்குப் பங்கிட்டார். ருசி கண்ட மற்ற ஏழு வீட்டாரும் அடுத்த வாரமே பையை நீட்டினார்கள். பிறகு விதைக்கும் முன்பே எல்லோரும் சேர்ந்து மல்லய்யாவுக்குச் செலவுக்குக் கொடுத்துவிடுவது, விளைந்ததை வாராவாரம் எட்டுப் பங்காக எடுத்துக்கொள்வது என்று ஏற்பாடாயிற்று.

ஒரு வருடம் கத்தரியெல்லாம் புழு விழுந்தது. மல்லய்யா அரைக்கூடைச் சொத்தைக் காயோடு வந்து தலைகுனிந்து நின்றார். மருந்தடிக்காமல் இனிப் பயிர் வைக்க முடியாது, இல்லையென்றால் நிலத்தைச் செங்கல் சூளைக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்றார். இரண்டு வீட்டார் விலகிக்கொண்டார்கள். அக்கா அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்து, சொத்தையை நறுக்கி எறிந்துவிட்டு, மிஞ்சியதை ஆறு பங்கு வைத்தார். "புழு தின்னதை நாமளும் திங்கலாம், மருந்தைத்தான் திங்கக்கூடாது" என்றார். அத்தான் அதைத் தெலுங்கில் சொல்ல, மல்லய்யா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அடுத்த பருவத்துக்கும் கத்தரியே வைத்தார், மருந்தில்லாமல்.

சரியான சொல்லை அக்கா பிறகு கற்றுக்கொண்டார். ஆனாலும் மல்லய்யாவிடம் மட்டும் 'சாலா'தான். நான் கேலி செய்தால், "சாலுன்னு சொன்னா அவரு நிறுத்திருவாருல்லா" என்று சிரிப்பார்.

கடைசி மாதங்களில் மாற்றி மாற்றி ஆஸ்பத்திரியில் துணையிருந்த குவார்ட்டர்ஸ் பெண்களையும், ஊரிலிருந்து ஓடிவந்த உறவினர்களையும் எங்கள் குடும்பம் என்றும் மறக்காது. மல்லய்யாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பதினாறாம் நாள் காலையில் அவர் வண்டி கட்டி வந்து, வாசலில் கத்தரிக்காயைக் கொட்டத் தொடங்கினார். நான் கையைப் பிடித்து, "சாலு, மல்லய்யா, சாலு" என்றேன்.

"அம்மா எப்புடூ சாலு அனலேது" என்றார் அவர். அம்மா ஒருநாளும் போதும் என்று சொன்னதில்லையாம். நான் கையை விட்டேன். அவர் கோணியைக் கடைசிவரை கவிழ்த்தார்.