போதுமான இடம் இல்லை

ஒரு கேமை அழித்தேன். அடுத்ததையும் அழித்தேன்.

டக்... டக்... டக்...

கம்ப்யூட்டருக்குள்ளிருந்து வந்த சத்தம் அது. டிஸ்க் சாகப்போகிறது என்பதற்கு அதுதான் அறிகுறி. கதை விடுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பட்டப்பகலில், ஜன்னல் திறந்திருக்க, என் கண் முன்னால் நடந்தது இது.

கம்ப்யூட்டர் என் தம்பியுடையது. ஆறு மாதம் முன்பு லாரி மோதிப் போய்விட்டான். அதில் இரண்டு டிஸ்க். ஒன்றில் அவன் கேம்கள், மூச்சு விட இடமில்லாமல். இன்னொன்று பழையது. விளையாடும்போது அவன் பேசியதெல்லாம் அதில் பதிவாகியிருந்தது. சாப்பிடக் கூப்பிடும் அம்மாவின் குரலும் உண்டு. "இரும்மா, ஒரே ஒரு ரவுண்டு" என்ற அவன் பதிலும் உண்டு.

தினமும் சாயங்காலம் அம்மா ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அதைக் கேட்பாள். பதிலும் சொல்வாள். அந்தக் குரலைக் கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை. செல்போனில் ஒரு நம்பர்கூடப் போடத் தெரியாதவளுக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தது என்றும் நான் யோசித்ததில்லை.

அந்தப் பழைய டிஸ்க் அடங்குவதற்குள் குரலை மற்றதற்கு மாற்றியாக வேண்டும். விட்டால் அம்மாவுக்கு அவன் இரண்டாவது முறை சாவான்.

இன்னொரு கேம். இன்னொன்று.

'போதுமான இடம் இல்லை' என்றது திரை.

மிச்சம் ஒரே ஒரு கேம். தம்பியின் உயிர். வீட்டில் யாரையும் அதைத் தொட விட்டதில்லை.

அம்மா பின்னால் வந்து நின்றாள்.

"அத மட்டும் தொடாதடா. கத்துவான்."

மவுஸிலிருந்து கையை எடுத்தேன்.

அம்புக்குறி நகர்ந்தது...

தானாக.

அந்தக் கேமின் மேல் போய் நின்றது. தயங்கியது.

அழித்தது.

"அவனே விட்டுக் குடுத்துட்டான்" என்றாள் அம்மா, ரொம்பச் சாதாரணமாக.

காப்பி ஓடி முடிந்தது.

டக்...

அப்புறம் சத்தமே இல்லை.

மறுநாள் பழைய டிஸ்க்கைக் கழற்றச் சொல்லி, கம்ப்யூட்டரை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு வந்தேன். வீட்டில் தம்பியின் மேஜை காலி. அதன் முன்னால் அம்மா ஹெட்செட்டோடு உட்கார்ந்திருந்தாள். ஒயர் தரையில் கிடந்தது. என்னைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தாள். பெற்ற வயிறு, என்ன செய்யும் என்று கதவைச் சாத்தினேன்.

போன் அடித்தது. மெக்கானிக்.

"காப்பி பண்ணேன்னீங்களே சார், அந்த ஃபோல்டர்ல ஒண்ணுமே இல்ல. பழைய டிஸ்க் எப்பவோ போயிடுச்சே. உங்க தம்பிதான் எங்கிட்ட எடுத்துட்டு வந்தாரு. 'நானும் எங்கம்மாவும் பேசினது இருக்குண்ணே, எப்படியாவது எடுத்துக் குடுங்க'ன்னு அழுதாரு. எதுவும் மிஞ்சல. அன்னைக்கே நான் அந்த டிஸ்க்கோட ஒயரப் புடுங்கி விட்டுட்டேன். இன்னும் அப்படியேதான் இருக்கு."

"எப்ப?"

"அவரு அடிபட்டதுக்கு முந்தின வாரம்."

மூடிய கதவுக்குப் பின்னால் அம்மா சிரித்தாள்.

"சரி, சரி... ஒரே ஒரு ரவுண்டுதான்."