புல்வெட்டிக்கு நெற்றி எது

என் மனைவிக்கு ஆபரேஷன் ஆன பிறகுதான் எங்கள் வீட்டுக்குப் பெட்ரோல் புல்வெட்டி வந்தது. கர்ப்பப்பையை எடுத்த டாக்டரம்மா, வீட்டுக்கு அனுப்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒரு வருஷத்துக்குக் குனிஞ்சு வேலை செய்யக் கூடாது. கனம் தூக்கக் கூடாது. வயல்ல எறங்கினாங்கன்னு கேள்விப்பட்டேன்னா உங்களைத்தான் திட்டுவேன்" என்றார். பஸ்ஸில் வரும்போது அதை அவளிடம் சொன்னேன். "அப்ப யாரு எறங்குவா, டாக்டரா?" என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வலங்கைமானுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த வயல் அவளுடையது, அவள் அப்பா கொடுத்தது. எப்போது விதை விட வேண்டும், யாரை நடவுக்குக் கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் அவள் முடிவுதான். நான் மன்னார்குடியில் ஒரு பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் குடுவைகளைக் கழுவி அடுக்குகிறவன். வயலைப் பற்றி நான் எதையாவது சொன்னால், "நீங்க உங்க குடுவையைப் பாருங்க" என்பாள். வரப்பிலும் வாய்க்காலிலும் புல் அறுக்கும் வேலையை மட்டும் அந்த வருஷம் எனக்கு ஒப்படைத்தாள். அதற்காகத்தான் அந்த மெஷினை வாங்கினோம்.

வாங்கியதிலிருந்து எனக்கு அதன்மேல் ஒரே ஆசை. பெட்ரோலில் ஆயிலை அளந்து கலக்கும்போது வரும் வாசனை, கயிற்றை இழுத்ததும் இருமிவிட்டு எழுந்திருக்கிற சத்தம், எதுவும் எனக்கு அலுக்கவில்லை. ஒரு சின்னப் பொறி எப்படி இவ்வளவு கோரையைச் சாய்க்கிறது என்று தெரிந்துகொள்ள, லீவு நாளில் அதைக் கழற்றிப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். கழற்ற எனக்கு நன்றாக வரும். மாட்டும்போது ஒரு ஸ்குரூ மிச்சமாகும். "பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையா ஆக்கிடாதீங்க, அது எனக்குப் பதிலா வந்த ஆளு" என்பாள் மனைவி.

இதெல்லாம் ஆயுத பூஜை முடிந்த வாரத்தில் நடந்தது. சம்பா நட்டு, பயிர் இன்னும் பச்சை பிடிக்கவில்லை. எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. வடிகால் வாய்க்காலில் அவரவர் வயலுக்கு நேரே இருப்பதை, அடைமழைக்கு முன்னால் அவரவரே வெட்டிவிட வேண்டும். ஒருவர் விட்டாலும் தண்ணீர் அங்கே முட்டிக்கொண்டு நிற்கும். வேர் பிடிக்காத நாற்று இரண்டு நாள் தண்ணீருக்குள் நின்றால் அழுகிவிடும். எங்கள் பங்கில் கோரையும் காட்டாமணக்கும் ஆள் மறைகிற உயரத்துக்கு நின்றன. ஞாயிற்றுக்கிழமை காலை கிழக்கே வானம் கறுத்திருந்தது.

மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போனேன். முதல் இழுப்பிலேயே கிளம்பிவிட்டது. கொஞ்ச தூரம் வெட்டியிருப்பேன், சத்தம் மெலிந்து, ஏதோ யோசிப்பதைப் போலத் தயங்கி, நின்றது. மறுபடி இழுத்தேன், வரவில்லை. சற்றுநேரம் கழித்து இழுத்தால் வந்தது. அதே மாதிரி கொஞ்ச நேரம் ஓடி, அதே மாதிரி நின்றது.

வலங்கைமான் மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். "பூஜைக்கு அப்பறம் கூட்டமா இருக்கு சார், வெச்சுட்டுப் போங்க, புதன்கிழமை பாக்கலாம்" என்றார். கூலிக்கு ஆள் தேடினேன், எல்லோரும் நடவுக்குப் போயிருந்தார்கள். வீட்டுக்குத் திரும்பி மெஷினை வாசலில் சாய்த்து வைத்தபோது, மனைவி கொல்லையிலிருந்து அரிவாளை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"எதுக்கு அது?"

"சும்மா. மத்தியானத்துக்குள்ள அது ஓடலைன்னா நான் எறங்கிடுவேன். மெதுவா அறுப்பேன், பயப்படாதீங்க."

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அவள் சொன்னால் செய்கிறவள். சேற்றில் கால் வைத்து, குனிந்து, காட்டாமணக்கின் தூரைப் பிடித்து இழுப்பதைத்தான் டாக்டரம்மா கூடவே கூடாது என்றிருந்தார். வேண்டாம் என்று சொல்லித் தடுக்கவும் முடியாது. நாற்று அழுகினால் அந்த வருஷமே போயிற்று, அது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

சாக்கை விரித்து மெஷினைக் கிடத்தினேன். முதலில் பிளக். கழற்றிப் பார்த்தால் முனை காப்பிப்பொடி நிறத்தில், இருக்கவேண்டியபடி இருந்தது. ஆனாலும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து மாட்டினேன். அடுத்தது காற்று வடிகட்டி. உள்ளேயிருந்த பஞ்சில் புல் தூசி அப்பியிருந்தது. சோப்புத் தண்ணீரில் அலசி, துண்டில் வைத்துப் பிழிந்து, காய்ந்ததும் மாட்டினேன். கிளம்பியது, நின்றது. புகைபோக்கி வாயில் குச்சியை விட்டுக் கரியைச் சுரண்டினேன். கிளம்பியது, நின்றது. கத்திக்கு மேலிருக்கும் பல்சக்கரப் பெட்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தெரிந்தும், கை சும்மா இருக்கவில்லை, கிரீஸ் வைத்தேன். மனைவி எதிரே முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அரிவாள் அவள் மடியில் இருந்தது.

இன்னும் மீதியிருந்தது டேங்குக்குள் கிடக்கும் பெட்ரோல் வடிகட்டிதான். கம்பியை வளைத்து அதைத் தூண்டில் போட்டு எடுக்கலாம் என்று மூடியைத் திருகினேன். திறந்ததும் 'உஸ்' என்று ஒரு சத்தம். வெளிக்காற்று உள்ளே பாய்ந்த மாதிரி இருந்தது. அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வடிகட்டியைக் கழுவிப் போட்டு, மூடியை இறுக்கி, கயிற்றை இழுத்தேன். அருமையாக ஓடியது. "பாத்தியா?" என்று அவளைப் பார்த்துச் சொல்லி வாயை மூடவில்லை, நின்றுவிட்டது.

"பாத்தேன்" என்றாள்.

மறுபடி மூடியைத் திருகினேன். மறுபடி 'உஸ்'.

இந்தத் தடவை அந்தச் சத்தம் எனக்கு உறைத்தது. டேங்குக்குள் இவ்வளவு அவசரமாகக் காற்று ஏன் போகிறது? உள்ளே காற்று இல்லாததால்தானே? பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வந்தாக வேண்டும். எண்ணெய் டின்னில் ஒரு துளை மட்டும் போட்டால் எண்ணெய் விக்கி விக்கி வரும், எதிர்ப்பக்கம் இன்னொரு துளை போட்டால்தான் சீராக விழும். எங்கள் அடுப்படியில் மாதாமாதம் நடக்கிற விஷயம். இந்த மெஷினுக்கு அந்த இரண்டாவது துளை எங்கே இருக்கிறது?

மூடியை லேசாகத் தளர்த்தி, மெஷினை ஆடாமல் தரையில் வைத்து, கயிற்றை இழுத்தேன். ஓடியது, நிற்கவில்லை. நானும் அதையே பார்த்துக்கொண்டு குந்தியிருந்தேன், சந்தோஷத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மூடியைத் தளர்த்தி வைத்துக்கொண்டு வயலில் வெட்ட முடியாது, பெட்ரோல் முதுகில் வழியும். அணைத்துவிட்டு மூடியைக் கையில் எடுத்தேன். நட்ட நடுவில் கெட்டியாக, வட்டமாக, காய்ந்துபோன சந்தனம். அதன்மேல் குங்குமம். காலையிலிருந்து அந்த மூடியை எத்தனையோ முறை தொட்டிருக்கிறேன். பொட்டை யாராவது சந்தேகப்படுவார்களா? வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

"ஒரு ஊக்கு குடு" என்றேன்.

தாலிச் செயினில் கோத்திருந்த ஊக்குகளில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாள். சந்தனத்தைச் சுரண்டி, நடுவிலிருந்த ஊசித்துளையில் நுனியை விட்டுக் குத்தினேன். வாயை வைத்து ஊதினேன், காற்று போயிற்று. அவள் எழுந்து வந்து என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"என்னது அது?"

சொல்வதா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்தேன். பூஜையன்று அரிவாள், மண்வெட்டி, கடப்பாறை எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு விரல் சந்தனம் வைத்துவிட்டு, இதற்கு மட்டும் பார்த்துப் பார்த்துக் குழைத்து வைத்தவள் அவள்தான். சொல்லாமல் விட்டால் அடுத்த வருஷமும் வைப்பாள் என்பதால் சொன்னேன்.

"இந்த ஓட்டை வழியாத்தான் டேங்குக்குள்ள காத்து போகணும். உன் பொட்டு அதை அடைச்சிருக்கு."

மூடியை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"உச்சியில இருக்கே, அதுக்கு நெத்தி இதுதான்னு நெனச்சேன்" என்றாள். "மூக்குல போயா வெச்சிருக்கேன்?"

சிரிக்க ஆரம்பித்தாள். தையல் போட்ட இடம் வலித்திருக்க வேண்டும், வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை.

அன்று மத்தியானம் சாப்பாட்டுக்குக்கூடப் போகாமல் வெட்டினேன். மெஷின் ஒரு முறைகூடத் தயங்கவில்லை. வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் அவளும் அரிவாளோடு வந்து வரப்பில் உட்கார்ந்திருந்தாள். பெட்ரோல் ஊற்ற நிறுத்தியபோதெல்லாம், "மூக்கைத் தொடைச்சீங்களா?" என்று கேட்டாள். எங்கள் பங்கு முடிந்து, பக்கத்து வயல்காரர் வெட்டி வைத்திருந்த இடத்தில் எங்கள் தண்ணீர் போய்ச் சேர்ந்தபோது முதல் தூறல் விழுந்தது. நான் மெஷினைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். காது இன்னும் இரைந்துகொண்டிருந்தது.

அவள் முந்தானையால் மெஷின் மேலிருந்த புல்லைத் துடைத்தாள். மூடிக்கு வந்ததும் கையை நிறுத்தி, துளையைப் பார்த்து, சுற்றிலும் துடைத்தாள். பிறகு அரிவாளை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"இதை நீங்களே எடுத்துக்கிட்டு வாங்க" என்றாள். "காலையில உங்களைப் பயப்படாதீங்கன்னு சொன்னேன். எறங்க எனக்குத்தான் ரொம்பப் பயமா இருந்துச்சுங்க."