தம்பியின் நிறை

சாய்ந்தமருதுச் சந்தையில் வாப்பாவுக்கு அரிசிக்கடை இருந்தது. தராசு முள் நின்றதும் நிறையை உரத்துச் சொல்லிவிட வேண்டும். வாங்குபவரின் காதில் விழாத நிறுவை நிறுவையே அல்ல என்பது அவர் கொள்கை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்த வேலை எனக்கு. மூன்றாம் வகுப்பு மகள் முள்ளைப் பார்த்து "பத்துக் கிலோ" என்று கூவுவதைக் கேட்க, வேண்டுமென்றே நின்று போகிறவர்களும் இருந்தார்கள்.

அந்தப் பெருமையோடுதான் ஒரு நாள் உம்மாவுடனும் தம்பியுடனும் கிளினிக்குக்குப் போனேன். மாதம் ஒரு முறை எங்கள் தெருமுனைப் பாலர் பாடசாலையில் அது நடக்கும். மிட்வைஃப் மிஸ் கூரை வளையில் தராசைத் தொங்கவிட்டு, காற்சட்டை போன்ற ஒரு துணியில் குழந்தைகளை மாட்டி நிறுப்பார். தம்பிக்குப் பத்து மாதம். மிஸ் அவனுடைய நிறை குறிக்கும் கார்டை எடுக்கத் திரும்பினார். முள் நின்றது.

"ஆறே கால் கிலோ" என்று கூவினேன்.

தாய்மார் வரிசையாக உட்கார்ந்திருந்த நீள வாங்கில் வாப்பாவின் தங்கை, என் மாமி, இருந்தார். அவருடைய மகன் தம்பிக்கு ஒரு மாதம் இளையவன், மடியில் கொள்ளவில்லை.

"என்ன மச்சி, நானாட கடையில அரிசி முடிஞ்சிட்டா?" என்று தன் அண்ணனின் கடையைச் சொல்லி உம்மாவைக் கேட்டார்.

பெண்கள் சிரித்தார்கள். உம்மா தம்பியைக் கழற்றி எடுத்துக்கொண்டு, கார்டையும் விட்டுவிட்டு நடந்தார். நான் வாசித்தது சரிதானே என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு போனேன்.

அடுத்த மாதம் தம்பிக்குத் தடிமன், மூக்கு வடிகிறது என்று உம்மா போகவில்லை. அதற்கடுத்த மாதம் மழை என்றார். மழை பெய்யவில்லை.

பிறகு ஒரு காலையில் மிஸ்ஸே வீட்டுக்கு வந்தார். உம்மா அறைக்குள் போய்விட்டார். மிஸ் குசினிப் படியில் உட்கார்ந்து, "நிறுக்க வரல்ல. ஒரு கிளாஸ் தண்ணி தாங்க, போதும்" என்றார். தண்ணீர் கேட்டவரை எப்படி மறுப்பது? உம்மா வெளியே வந்தார்.

மிஸ் தம்பியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "நீங்க நேரத்துக்குச் சாப்பிடுறீங்களா? நித்திரை கொள்றீங்களா?" என்றார். உம்மா அழத் தொடங்கினார். அரிசிக்கடைக்காரர் வீட்டில் வந்து இதைக் கேட்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. வெகுநேரம் இருவரும் தாழ்ந்த குரலில் கதைத்தார்கள். பிறகுதான் கஞ்சித் தண்ணீர் போதாது, சோற்றைக் குழைத்து மீனும் முட்டையும் சேர்த்துக் கொடுங்கள் என்று மிஸ் சொன்னார்.

"வாற கிளினிக்குக்கு வாறீங்கதானே?"

"அவ்வளவு பேருக்கு முன்னாலயா, மிஸ்?"

மிஸ் என்னைப் பார்த்தார். ஏசவில்லை.

அந்த மாதம் போனபோது தராசைச் சுற்றி ஒரு பழைய சேலை கட்டியிருந்தது. ஒரு தாயும் ஒரு பிள்ளையும் மட்டும் உள்ளே போகலாம். எட்டிப் பார்த்த என்னை, "மகள், வெளிய இருங்க" என்று மிஸ் அனுப்பினார். எனக்குத் தண்டனையாகத்தான் அந்தச் சேலையைக் கட்டியிருக்கிறார் என்று முடிவு செய்து, மூஞ்சியை நீட்டிக்கொண்டு இருந்தேன். மாமியும் மகனும் உள்ளே போய் வந்தார்கள். அவன் நிறையும் எவர் காதிலும் விழவில்லை. மாமியின் முகம் அவ்வளவு நன்றாக இல்லை.

உம்மா வெளியே வந்ததும், "எவ்வளவு மச்சி?" என்று மாமி கேட்டார்.

"கூடியிரிக்கி."

அதற்குமேல் சொல்லவில்லை. மாமியின் பக்கத்திலேயே உட்கார்ந்து, அந்தக் கொழுத்த பிள்ளையை வாங்கித் தன் மறு தொடையில் வைத்துக்கொண்டார். வாங்கு மெல்ல மெல்லக் காலியானது. வீட்டுக்குப் போவோம் என்று சேலை முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

"பொறு மகள், கதைச்சிட்டு வாறன்."

நிறுவை முடிந்துவிட்டது, கார்டும் கையில் இருக்கிறது. பிறகும் உம்மா ஏன் எழும்பவில்லை என்று எனக்கு விளங்கவே இல்லை.