பிற்பகல் இரண்டு மணிச் சோதனை

இயந்திரக் கோளாறால் வேலை தாமதமானால் எழுத்து மூலம் விளக்கம் பெறப்படும். விளக்கம் கிடைத்த ஏழு வேலை நாட்களுக்குள் நிறுவனம் தன் முடிவைத் தெரிவிக்கும். என் மகள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் இப்படி ஒரு விதி இருந்தது. வெளிநாட்டு மருத்துவர்கள் பேசிப் பதிவு செய்த குறிப்புகளைக் கேட்டுத் தட்டச்சு செய்து அனுப்பும் வேலை. கைக்குழந்தையோடு திருநகரில் எங்கள் வீட்டில் இருந்தபடியே செய்து வந்தாள். அதை விட்டால் அவளுக்கு வேறு வருமானம் கிடையாது.

கத்திரி வெயில் தொடங்கியதும் கம்ப்யூட்டர் மதியத்தில் உறையத் தொடங்கியது. அடித்த பக்கங்கள் போயின. இரண்டு கோப்புகள் தாமதமாயின. விளக்கம் வரும்வரை வேலை நிறுத்தி வைக்கப்படுகிறது என்று மின்னஞ்சல் வந்தது.

பாகங்களை வாங்கிக் கம்ப்யூட்டரைப் பூட்டித் தந்தவன் என் மைத்துனன். திருமங்கலத்தில் கடை வைத்திருந்தான். மலிவான பிராசசரை வாங்கி, அதற்கு விதித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது அவனுக்குப் பெருமை. ஓவர்கிளாக் என்பான். எங்களிடம் கேட்காமலே எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் அதைச் செய்திருந்தான்.

சொல்லியனுப்பியதும் மறுநாள் விடியற்காலை முதல் பஸ்ஸில் வந்தான். இரண்டு மென்பொருள்களைப் போட்டான். ஒன்று, பிராசசருக்கு ஓயாமல் கணக்குக் கொடுத்து வாட்டும். இன்னொன்று, அதன் வெப்பத்தையும் விசிறியின் சுற்றையும் திரையில் காட்டிக்கொண்டிருக்கும். பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினான். டேபிள் ஃபேனை அதன் முன்னால் வைத்தான். ஜன்னல்களைத் திறந்தான். வெப்பம் ஐம்பது டிகிரியைத் தாண்டவில்லை.

"பாத்தீங்களா அத்தான், கல்லு மாதிரி நிக்குது. கரண்ட்டுலதான் கோளாறு."

முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசு அலுவலகங்களை ஆய்வு செய்தவன் நான். தேதி சொல்லிவிட்டுப் போனால் எல்லா அலுவலகமும் ஒழுங்காகத்தான் இருக்கும். முதல் நாளே தரையைக் கழுவி, மேசையில் புதுத் துணி விரித்து, நிலுவைக் கோப்புகளைப் பின்னறையில் பூட்டி வைத்திருப்பார்கள். மைத்துனன் செய்ததும் அதுதான்.

"தகட்டை மாட்டு. ஃபேனை எடு. ரெண்டு மணிக்கு மறுபடி ஓட்டு."

"எதுக்கு அத்தான் அதை வாட்டுறீங்க?"

"மதியத்துலதான அவ வேலை பாக்குறா?"

என் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அந்த உறையையும் போடுங்க. எப்பவும் அது மேலதான கெடக்கும்."

மிக்ஸி, டிவி எல்லாவற்றுக்கும் அவள் பூப்போட்ட உறை தைத்திருந்தாள். கம்ப்யூட்டர் பெட்டிக்கும் ஒன்று உண்டு. தூசி படியக் கூடாதென்று, ஓடும்போதும் அதன் மேல் கிடக்கும். மைத்துனன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"ஏக்கா, எரியுற அடுப்புக்கு யாராச்சும் சட்டை போடுவாங்களா?"

"அது சூடாவும்னு நீ சொன்னியா?"

அவன் சொல்லியிருக்கவில்லை.

இரண்டு மணிக்கு உறை இல்லாமல், தகட்டோடு ஓட்டினோம். குற்றம் உறையின் மேல் மட்டும் விழுந்துவிடக் கூடாது என்று அப்படிச் சொன்னேன். வெப்பம் அறுபது, அறுபத்தைந்து என்று ஏறியது. காய்ச்சல்காரனைப் பார்ப்பது போல நால்வரும் பார்த்துக்கொண்டிருந்தோம். எழுபதைத் தாண்டியதும் திரை உறைந்தது.

"ஃபேனை வச்சே ஓட்டிருவோம் அத்தான். இம்புட்டு வேகம் யாருக்குக் கெடைக்கும்?"

இடுப்பில் குழந்தையோடு நின்ற மகள் சொன்னாள்: "அந்தச் சத்தத்துல டாக்டர் பேசுறது கேக்காது மாமா. நான் அடிக்கிற வேகத்துக்கு அது ஓடுனாப் போதும்."

அவன் கம்ப்யூட்டரை அணைத்து எழுப்பி, அமைப்புகளுக்குள் போய், வேகத்தை விதித்த அளவுக்கு இறக்கினான். உறை பீரோவுக்குள் போனது. மறுநாள் இரண்டு மணிக்கு, ஜன்னலைச் சாத்திவிட்டு மாலைவரை ஓட்டிப் பார்த்தோம். உறையவில்லை.

அன்றே விளக்கம் எழுதினாள். சோதனை எப்போது, எந்த நிலையில் நடந்தது, என்ன மாற்றினோம் என்பதை வரிசையாகச் சேர்க்கச் சொன்னேன். மின்னஞ்சலில் ஒன்று, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் ஒன்று. ஏழு வேலை நாட்கள் கடந்தன. முதல் நினைவூட்டல் அனுப்பினோம். அடுத்த ஏழும் கடந்தன, இரண்டாவதும் போனது. அவள் தினமும் காலையில் இன்டர்நெட்டை இணைத்துப் பார்த்துவிட்டு, குழந்தையைக் குளிப்பாட்டப் போவாள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் குமாஸ்தா வேலை காலி என்று கேள்விப்பட்டு, சான்றிதழ்களை நகலெடுத்து வைத்திருந்தாள்.

விளக்கம் ஏற்கப்பட்டது, திங்கட்கிழமையிலிருந்து கோப்புகள் வரும் என்று ஒரே வரியில் பதில் வந்தது, ஆனி முதல் தேதி.