பிடித்தம் எவ்வளவு?

என் முதல் சம்பளச் சீட்டைக் காட்டியபோது அண்ணன் முகம் மாறிவிட்டது. பட்டுத்தறி ஓட்டுகிறவர். சீட்டில் ‘பிடித்தங்கள்’ என்ற கட்டத்தில் மூன்று தொகைகள் இருந்தன. “மொத மாசமே மூணு எடத்துல புடிச்சிக்கிறாங்களே, இன்னா தப்பும்மா பண்ண?” என்றார்.

நெசவாளர் சங்கத்தில் சேலையைக் கொண்டுபோய்ப் போட்டால் மேசைமேல் விரித்து வைத்துக் கறை, இழை அறுந்த இடம் என்று ஒவ்வொன்றாகத் தேடுவார்கள். அகப்பட்டதற்கெல்லாம் கூலியில் கழிப்பார்கள். அண்ணன் அறிந்த பிடித்தம் அதுதான். வருமான வரி, சேமநிதி என்று நான் விளக்கியதைக் கேட்டு அண்ணி விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து நான் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் “இந்த மாசம் பிடித்தம் எவ்ளோ?” என்பது அண்ணனின் கேலி.

முதல் சம்பளம் தந்த அதே பொதுத்துறை நிறுவனத்தில் இப்போது கொள்முதல் பிரிவுக்கு நான் தலைமை. சங்கங்களுக்கு ஜரிகை வாங்கித் தருவது எங்கள் வேலை. என் சம்பளத்தைச் சொன்னால் அண்ணன் குடியிருக்கும் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தெருவே பெருமூச்சு விடும். அதனால் சொல்வதில்லை. டி.வி.யில் ‘பொதுத்துறை உயர் அதிகாரிகளுக்கு இத்தனை சம்பளம் எதற்கு’ என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு கையெழுத்து பிசகினால் எத்தனை தறி நிற்கும், தெரியுமா உங்களுக்கு என்று பெட்டியோடு சண்டை போடுவேன். சம்பளம் வேலைக்கு இல்லை, பொறுப்புக்கு என்பது என் கட்சி.

போன ஐப்பசியில் கையெழுத்து பிசகியது. புதிதாக வந்த ஜரிகை கறுக்கிறது என்று ஒரு சங்கத்திலிருந்து புகார். அந்தச் சரக்குக்கு ஒப்புதல் கொடுத்தவள் நான். தீபாவளி நெருக்கடி, விற்றவரும் வழக்கமானவர். பழைய பரிசோதனை அறிக்கையை நம்பி, புது அறிக்கைக்குக் காத்திராமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன். புகாரைப் படித்ததும் மாதிரியைப் பரிசோதனைக்கு அனுப்பினேன். முடிவு வரும்வரை அந்த ஜரிகையை யாரும் தொடக் கூடாது என்று எல்லாச் சங்கங்களுக்கும் உத்தரவு போட்டேன். அது சரியான உத்தரவு, இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். அண்ணன் தறியில் ஓடிக்கொண்டிருந்ததும் அதே ஜரிகை என்பது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.

பத்து நாள் ஆயிற்று. அறிக்கை வரவில்லை. தூக்கம் போய்விட்டது. மாதக் கடைசியில் மனசு கேட்காமல் அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

தறிமேல் பழைய வேட்டியைப் போர்த்தி வைத்திருந்தார். பாதி நெய்த முகூர்த்தப் புடவை உள்ளே இருந்தது. முழுசாக முடித்துச் சங்கத்தில் போட்டால்தான் கூலி. தறி நின்ற நாளுக்கு எவரும் எதுவும் தருவதில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மனிதர் மழையில் நனைந்துபோய் எனக்கு டீ வாங்கி வந்தார். வந்தவர், ஈரத்தில் பாவு நூல் தொய்கிறதா என்று வேட்டியைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஜரிகை கெட்டதுன்னு வந்துச்சின்னா?” என்றார்.

“நெய்ஞ்ச வரிக்கும் வீண்தாண்ணா. சரக்க திருப்பி அனுப்பிடுவோம்.”

“நல்லதுன்னு வந்தா?”

“நாளிக்கே ஓட்டலாம்.”

“அப்ப இந்தப் பத்து நாளு?”

கெட்டதென்றால் என் கையெழுத்து தப்பு. நல்லதென்றால் தறிகளைச் சும்மா நிறுத்தி வைத்திருக்கிறேன். எப்படிப் போனாலும் கூலி போனது இவருக்குத்தான். பொறுப்பு, பொறுப்பு என்று இத்தனை வருஷம் பேசிய வாய் டீ குடிக்க மட்டும் திறந்தது. பயமாக இருந்தது. வேலை போய்விடும் என்ற பயம் இல்லை. போகாது என்று எனக்குத் தெரியும். அதுதான் பயம்.

அப்போது என் போன் ‘டிங்’ என்றது. தறி ஓடுகிற நாளில் அந்த வீட்டில் போன் அலறினால்கூடக் காதில் விழாது. அன்று அடுப்படி வரைக்கும் கேட்டிருக்கிறது. அண்ணி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே ஓடி வந்தார்.

“ரிப்போர்ட்டு வந்துச்சாம்மா?” என்றார் அண்ணன். இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். நான் எடுத்துப் பார்த்தேன்.

“இல்லண்ணா. சம்பளம் வந்துக்கீது.”

அண்ணி உள்ளே திரும்பினார். அண்ணன் வேட்டியின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார். பிறகு எப்போதும் கேட்பதைத்தான் கேட்டார்.

“பிடித்தம் எவ்ளோம்மா?”

இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. பதிலுக்குக் காத்திருந்தார்.

“எப்பவும் போலதாண்ணா” என்றேன்.