கோடு வரை பிடியை விடாதவர்

மல்லாங்கிணற்றிலிருந்து செய்தி வந்தபோது நான் தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்தேன். வண்டிக்கார வெள்ளைச்சாமி அண்ணன் காய்ச்சலில் இறந்துவிட்டார் என்று எங்கள் அண்ணன் கோபால் வாசலில் நின்றபடி அம்மாவிடம் சொன்னான். அதோடு நிறுத்தவில்லை. நல்ல மனிதன்தான், ஆட்டம்தான் வராது என்றும் சொன்னான். என் கையில் நூல் அறுந்தது.

நாளை மாலை பஞ்சுக் கிட்டங்கி மைதானத்தில் அவருக்காகக் கூடுகிறார்கள். எங்கள் தெருச் சடுகுடு அணிக்கு அண்ணன்தான் தலைவன். அவன்தான் பேசப் போகிறான். வீரசோழன் ஊர்க்காரர்களிடம் தோற்றது வெள்ளைச்சாமியால்தான், ஆனாலும் அவரை மன்னித்துவிட்டோம் என்று பேசப்போவதாகத் தன் கூட்டாளிகளிடம் சொல்லக் கேட்டேன். அதனால்தான் அப்பா தூங்கிய பிறகு, ரேஷன் மண்ணெண்ணெய் என்றும் பாராமல், விளக்கைத் தாழ்த்தி வைத்து இதை எழுதுகிறேன். அவரைத் தெரிந்தவர்களே, உங்களுக்குத்தான் எழுதுகிறேன். ஆட்டத்தை நானும் பார்த்தேன்.

பெண்பிள்ளை மைதானத்துப் பக்கம் போனால் அன்றோடு பள்ளிக்கூடம் நின்றுவிடும் என்பது அப்பாவின் சட்டம். ஆனால் மைதானத்து ஓரத்தில் வெள்ளைச்சாமி அண்ணனின் மாட்டுவண்டி நிற்கும். பஞ்சு மூட்டைகளுக்கு இடையில் உட்கார்ந்தால் யாருக்கும் தெரியாது. அவர் என்னை ஒருநாள் கண்டுகொண்டார். இறக்கிவிடுவார் என்று நினைத்தேன். அவரோ ஒரு மூட்டையை நகர்த்திப் பார்வைக்கு வழிவிட்டு, "பாத்து இரு தாயி, தலைய மட்டும் தூக்காத" என்று சொல்லிவிட்டுக் களத்துக்குப் போனார். அதன்பின் எந்த ஆட்டத்துக்கும் வண்டி அதே இடத்தில்தான் நின்றது. வண்டியை அந்தப் பக்கம் விடக்கூடாதா என்று அண்ணன் கேட்டதற்கு, "மாடு அங்கனதான் நிக்குங்குது, நான் என்ன செய்ய" என்றார். மாட்டை அவிழ்த்து வேப்பமரத்தில் கட்டியிருந்தார் என்பதை அண்ணன் கவனிக்கவில்லை.

எங்கள் அணியை ஒளிந்து பார்த்தே நன்றாக அறிந்தேன். எதிரணிக் களத்துக்குள் பாடிப் போவதில் அண்ணனை மிஞ்ச ஆள் இல்லை. அவன் மூச்சு அவ்வளவு நீளம். சீனி தலைமுடியைக் கோதிக்கொள்வதற்காகவே ஆட வருகிறவன். எதிராளி பக்கத்தில் வந்தால் அவன்தான் முதலில் ஒதுங்குவான். ஆனாலும் ஊர் கைதட்டுவது பாடிப் போகிறவர்களுக்குத்தான். மூலையில் நின்று பிடிக்கிறவரை யாரும் பார்ப்பதில்லை. வெள்ளைச்சாமி அண்ணன் மூலையில் நின்றார். ஒருநாள் சீனிக்குப் பிடி சொல்லிக் கொடுத்தபோது அவர் சொன்னது எனக்கும் கேட்டது: "கையும் காலும் பொய்க்கு ஆடும்லே. இடுப்பப் பாரு. அது போற பக்கந்தான் ஆளு போவான்."

இனி வீரசோழன் ஆட்டம். எதிராளி பாடி வரும்போது இடப்பக்கம் அடைப்பதா வலப்பக்கம் அடைப்பதா என்று அண்ணன் தெலுங்கில் கத்துவான். வெளியூர்க்காரர்களுக்கு நம் வீட்டுப் பேச்சு தெரியாது என்பது அவன் கணக்கு. அன்று பாடி வந்தவர் காதர். சேலை வாங்க எங்கள் தெருவுக்கு வந்து போகும் வியாபாரி வீட்டுப் பிள்ளை. எங்கள் அம்மாவிடம் தெலுங்கிலேயே விலை பேசிக் குறைத்துக்கொண்டு போகிறவர். தெருவில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் களத்தில் அண்ணனுக்கு மறந்துபோனது. இடம் என்று கத்தினால் காதர் வலப்பக்கம் பாய்ந்தார். வலம் என்றால் இடப்பக்கம். எங்கள் ஆட்கள் ஒவ்வொரு முறையும் காற்றைப் பிடித்தார்கள்.

முதலில் விளங்கிக்கொண்டவர் வீட்டில் தமிழ் பேசுகிற வெள்ளைச்சாமி அண்ணன்தான். இடைவேளையில், "அவுகளுக்கு நம்ம பேச்சு வெளங்குது கோவாலு. கத்தாம பிடிப்போம்" என்றார். அதற்கு அண்ணன் சொன்னது எனக்கு இன்னும் எரிகிறது. "ஒனக்கே இன்னும் வெளங்கல. அவனுக்கு வெளங்கிருச்சாக்கும்?" எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு மூலைக்குப் போனார்.

கடைசிப் பாட்டு. இரண்டு அணியும் சமம். காதர் வந்தார். வலம் என்று அண்ணன் கத்தினான். ஆறு பேரும் வலப்பக்கம் பாய்ந்தார்கள். வெள்ளைச்சாமி அண்ணன் மட்டும் இடப்பக்கம் நின்றார். காதர் நேராக அவரிடம் வந்து விழுந்தார். வெள்ளைச்சாமி அண்ணன் அவரை இடுப்போடு சேர்த்துப் பிடித்தார். ஒற்றை ஆள். துணைக்கு ஒருவர் வந்திருந்தால் போதும், ஆனால் அத்தனை பேரும் எதிர்ப்பக்கம் கிடந்தார்கள். காதர் அவரைப் புழுதியில் இழுத்துக்கொண்டே போய் விரலால் நடுக்கோட்டைத் தொட்டார். பாடி வந்தவர் கோட்டைத் தொட்டுவிட்டால், அவரைத் தொட்ட ஆள்தானே வெளியே போக வேண்டும்? காதரைத் தொட்டது அவர் ஒருவர்தான். அதனால் வெளியே போனவரும் அவர் ஒருவர்தான். அணி தோற்றது. பாஷை தெரியாதவனைச் சேர்த்ததால் வந்த வினை என்றான் அண்ணன். முழங்கை முழுவதும் தோல் உரிந்திருக்க, அவர் போய் மாட்டைப் பூட்டினார்.

அவரால் தோற்றோம் என்கிறவர்களே, அன்று காதரின் மேல் உங்களில் யாருடைய கை பட்டது? எங்கள் அணியில் சிறந்த ஆட்டக்காரர் வெள்ளைச்சாமி. அன்றைய தினம் மோசமாக ஆடியவன் என் கூடப்பிறந்தவன். அண்ணனைப் பற்றி இப்படி எழுதக் கூடாதுதான். ஆனாலும் எழுதிவிட்டேன்.

அவர் போன சேதியை அம்மாவிடம் சொன்னபோது அண்ணனின் கை மைதானத்தைக் காட்டியது, வாய் அவரைக் குறை சொன்னது. இடுப்பு மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது. யாரால் தோற்றோம் என்று அவனுக்கும் தெரியும்.

நாளை அந்த வண்டி அங்கே நிற்காது. ஒளிந்துகொள்ள எனக்கு மூட்டையும் இல்லை. அண்ணன் பேசி முடித்ததும் நடுவில் போய் நின்று இதை வாசிப்பேன். பாதியில் யாராவது பிடித்து இழுப்பார்கள், பள்ளிக்கூடமும் நிற்கலாம். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தக் கடைசிப் பிடி. இழுபட்டாலும் கோடு வரை வாசிப்பேன்.